வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு விபஸ்ஸனா பத்து நாள் முகாமுக்குப் போவது எப்படி?

என் அம்மாவுக்கு 76 வயது. மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா இறந்து ஆறு வருடம். ஆனாலும் அம்மா தினமும் கேட்பார்: "அப்பா வந்துட்டாரா?" காலையில் பல் தேய்த்துவிடும்போது கேட்பார், குளிப்பாட்டும்போது கேட்பார், நான் அலுவலகம் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதும் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, கையிலிருந்த டம்ளரைத் தரையில் அடித்துவிட்டு, "அவர் செத்துப் போயிட்டாரும்மா, எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திவிட்டேன். அம்மா அந்தச் செய்தியை அப்போதுதான் கேட்பவர்போல வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பத்து நிமிடத்தில் அழுததே அவருக்கு மறந்துபோனது. எனக்கு மறக்கவில்லை.

அந்த வாரம்தான் விபஸ்ஸனா முகாமுக்கு விண்ணப்பித்தேன். பௌத்த மரபிலிருந்து வந்த ஒரு தியான முறை அது; பத்து நாள் மௌனமாகத் தங்கிக் கற்க வேண்டும். போய் உட்கார 11 மாதம் ஆனது. முதல் விண்ணப்பம் என் கவனக்குறைவால் ரத்தானது. இரண்டாவதில் ஓர் உண்மையை மறைத்துவிட்டு, பிறகு நானே திரும்பப் பெற்றேன். மூன்றாவதுதான் கைகூடியது. நோயாளி, கைக்குழந்தை, கடை, கடன் என்று ஏதாவது ஒன்று காலைக் கட்டிப்போட்டிருக்கும் வீட்டிலிருந்து கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்காவது அந்த 11 மாதம் மிச்சமாகட்டும்.

நான் சொல்வது மறைந்த விபஸ்ஸனா ஆசிரியர் எஸ். என். கோயங்காவின் மரபில் நடக்கும் முகாம்களைப் பற்றி. உலகம் முழுவதும் ஒரே பாடத்திட்டம், ஒரே கால அட்டவணை. தமிழ்நாட்டில் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வழியாகப் போகலாம். தென்மாவட்டத்தார்க்குத் திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமம் அருகே 'தம்ம மதுரா' இருக்கிறது. மதம் மாற வேண்டியதில்லை. நெற்றியில் திருநீறோ குங்குமமோ வைக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் என்னோடு பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் பூஜை, ஜபம், நோன்பு, யோகாசனம் எதையும் கலக்கக்கூடாது. அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகிறோம்.

1. நாளை எண்ணுங்கள்: பத்து நாள் என்பது பன்னிரண்டு நாள்

எல்லோரும் தடுக்கி விழும் முதல் இடம் இது. முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள் பிற்பகலிலேயே போய்ப் பதிவு செய்ய வேண்டும். அன்று மாலையே மௌனம் தொடங்கிவிடும். பிறகு முழுதாகப் பத்து நாள். பதினோராவது நாள் காலை உணவோடு அனுப்பிவைப்பார்கள். ஆக, நாள்காட்டியில் 12 தேதிகள் போய்விடும். நான் பதின்மூன்றாவது நாளுக்கும் விடுப்பு எழுதினேன். ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

பாதியில் ஒரு நாள் வந்து கல்யாணத்தில் தலைகாட்டிவிட்டுத் திரும்புவது நடக்காது. நான்கு நாள் மட்டும் இருந்துவிட்டு வருகிறேன் என்பதும் நடக்காது. புதியவர்களுக்குப் பத்து நாளுக்குக் குறைந்த விபஸ்ஸனா முகாம் கிடையாது. அரசு ஊழியர் என்றால் ஈட்டிய விடுப்பு எழுதுங்கள். தற்செயல் விடுப்பை ஒட்டுப் போட்டு எழுதப் போனால் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் 'இரண்டு நாள் மட்டும் வந்துடுங்க' என்பார். நான் 'சொந்த வேலை' என்று காரணம் எழுதி, ஒரு மாதம் முன்பே கையில் உத்தரவு வாங்கினேன்.

12 நாள் கிடைக்கவே வழியில்லையா? அப்படியானால் இப்போதைக்கு 'மினி ஆனாபானா' என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கின் வாசலில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கும் பத்து நிமிட வழிகாட்டல். பல மொழிகளில் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முகாமுக்குப் போகாதவர்களும் செய்யலாம். எனக்கு நடுவில் காத்திருந்த மாதங்களை அதுதான் ஓட்டியது. ஆனால் விபஸ்ஸனாவைப் புத்தகம் படித்தோ காணொளி பார்த்தோ தொடங்காதீர்கள். ஆழமாகத் தோண்டும் வேலை அது. தோண்டும்போது பக்கத்தில் கற்றுத் தருபவர் இருக்க வேண்டும்.

2. விண்ணப்பம்: மாத்திரையை மறைக்காதீர்கள்

விண்ணப்பம் இணையத்தில்தான். தம்மா டாட் ஆர்க் என்ற தளத்தில் மையத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்தால் படிவம் திறக்கும். அதற்கு முன் ஒழுக்க விதிகளைப் படிக்கச் சொல்வார்கள். ஓட்டமாகக் கீழே இழுத்துவிட்டு 'சம்மதம்' என்று அழுத்தாதீர்கள். அங்கே போனபின் 'இது எனக்குத் தெரியாதே' என்று திகைப்பவர்கள் எல்லாம் அதைப் படிக்காமல் வந்தவர்கள்தான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

படிவத்தில் பெயர், வயது, தொழில், பேச்சுரை எந்த மொழியில் வேண்டும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். மொழியில் தமிழ் என்று தெளிவாகக் குறியுங்கள். மாலைப் பேச்சுரையைத் தமிழில் கேட்டால்தான் பகலில் செய்ததற்கு அர்த்தம் புரியும். பிறகு உடல்நிலை, மனநிலை, இப்போது சாப்பிடும் மருந்துகள், குடிப்பழக்கம், முன்பு செய்த தியான முறைகள்.

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அழுத்தத்தில் எனக்குத் தூக்கம் போய், ஐந்து மாதமாக மனநல மருத்துவர் எழுதிய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை எழுதினால் இடம் தரமாட்டார்கள் என்று பயந்து 'இல்லை' என்று குறித்தேன். இடமும் கிடைத்தது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மனசு கேட்கவில்லை. 'பொய் சொல்லமாட்டேன்' என்ற விரதத்தோடு தொடங்கும் முகாமுக்குப் பொய் சொல்லியா போவது? தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு இன்னொரு தேதிக்கு விண்ணப்பியுங்கள் என்றார்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

மருத்துவர் மாத்திரையை மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, 'இவர் போகலாம்' என்று கடிதம் கொடுத்தார். அடுத்த படிவத்தில் எல்லாவற்றையும் எழுதி, கடிதம் இருப்பதையும் சொன்னேன். இடம் கிடைத்தது.

முகாமுக்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மருந்தை எடுத்துக்கொண்டே போகலாம், படிவத்தில் எழுதினால் போதும். மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சில சமயம் 'இப்போது வேண்டாம்' என்று பதில் வரும். மனசு வலிக்கும்தான். ஆனால் தினமும் பத்து மணி நேரத்துக்கும் மேல் பேச்சில்லாமல் உள்ளே பார்த்துக்கொண்டு உட்காருவது எல்லா நேரத்திலும் எல்லோருக்கும் ஏற்றதில்லை. முகாம் சிகிச்சைக்கு மாற்றாகாது என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்கள் மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. மின்னஞ்சல் பெட்டியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்

விண்ணப்பம் போட்டதும் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் வரும். அது வெறும் ரசீது. சில நாளில் இடம் உண்டு, அல்லது காத்திருப்புப் பட்டியல் என்று இன்னொன்று வரும். முகாம் நெருங்கும்போது 'கட்டாயம் வருகிறீர்களா?' என்று மூன்றாவது வரும். அதற்குப் பதில் கொடுக்காவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். என் முதல் விண்ணப்பம் இப்படித்தான் போனது. அந்தக் கடிதம் விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே கிடந்தது. நான் பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு நாள்.

மின்னஞ்சல் பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளின் முகவரியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கொடுத்தால் வாரம் இருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள். காத்திருப்புப் பட்டியல் என்றால் கைவிட வேண்டாம். கடைசி வாரத்தில் நிறையப் பேர் பின்வாங்குவார்கள். போகமுடியாது என்று ஆகிவிட்டால் உடனே ரத்து செய்யுங்கள். உங்களைப்போல் ஒருவர் அந்த இடத்துக்காக வீட்டையெல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டுக் காத்திருப்பார்.

4. வீட்டை ஒப்படைப்பது

உண்மையில் பெரிய வேலை இதுதான். விண்ணப்பம் அரை மணி நேரம், இது ஒன்றரை மாதம்.

விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா 12 நாள் வந்து தங்க ஒப்புக்கொண்டார். ஆனால் அக்காவுக்கு முதுகுவலி, அம்மாவைத் தூக்க முடியாது. அதனால் பகலில் ஒரு பராமரிப்பாளரை வைத்தோம். இதில் இரண்டு விஷயம் கற்றேன். ஒன்று, பராமரிப்பாளரை நீங்கள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே வரவழையுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் புது முகம் என்றால் பயம். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அந்த முகம் பழகிவிட வேண்டும். இரண்டு, மாற்று ஆள் ஒருவரின் எண்ணும் கையில் இருக்கட்டும். எங்களுக்கு முதலில் அமர்த்தியவர் மூன்றாம் நாளே சொல்லாமல் நின்றுவிட்டார். அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு இது வீடு திரும்பிய பிறகுதான் தெரியும்.

ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அதை இட்லிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. கழிவறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம் என்பது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மா 'வீட்டுக்குப் போகணும்' என்று வாசலுக்குப் போவார், அப்போது தெருமுனை வரை நடத்திக் கூட்டிவர வேண்டும் என்பது. எந்த மருத்துவர், எந்த ஆட்டோக்காரர். ஏழாவது வரியில், "அப்பா வந்தாரா என்று கேட்டால் பேச்சை மாற்றவும்" என்று எழுதினேன்.

உங்கள் கைப்பேசி பதிவு செய்யும் அன்றே வாங்கி வைக்கப்படும். அதனால் மைய அலுவலகத்தின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். உண்மையான அவசரம் என்றால் அவர்கள் உங்களிடம் சேர்ப்பார்கள். எது அவசரம், எது இல்லை என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கீழே விழுந்து எலும்பு முறிந்தால் கூப்பிடு, அம்மா என்னைக் கேட்டு அழுதால் கூப்பிடாதே என்று அக்காவிடம் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

கைப்பேசியோடு போய்விடும் இன்னொன்று வங்கி ஓடிபி. மின்கட்டணம், வீட்டுக் கடன் தவணை, எரிவாயு உருளை எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் ஒரே முகாமுக்குப் போவது பற்றிக் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தனித்தனி. பார்த்துக்கொள்ளவோ பேசிக்கொள்ளவோ முடியாது. வீட்டில் கவனிக்க வேண்டியவர் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் போவதே நல்லது.

5. பையில் என்ன வைப்பது

ஆதார் அட்டையின் அசலும் நகலும், மருத்துவர் கடிதம், 12 நாளுக்கான மருந்து. தொளதொளப்பான பருத்தி உடைகள். பெண்களுக்குச் சுடிதாரும் துப்பட்டாவும் வசதி, புடவையில் நீண்ட நேரம் சம்மணம் போட்டால் இடுப்பு இறுகும். போர்வை, படுக்கை விரிப்பு, டார்ச், குடை, வாசனையில்லாத சோப்பு, மாதவிடாய்க்கு வேண்டியவை. மாதவிடாய் நாளில் தியான அறைக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் அங்கே இல்லை.

புத்தகம், பேனா, நோட்டு, ஜபமாலை, நகை, வாசனைத் திரவியம் வேண்டாம். கொண்டுபோனாலும் வாங்கிப் பத்திரப்படுத்திவிடுவார்கள். எழுதுவதற்குத் தடை என்பது எனக்குத்தான் பெரும்பாடாக இருந்தது.

இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் 20 நிமிடம் தரையில் உட்கார்ந்து பழகுங்கள். முட்டி தேய்மானம் இருப்பவர்கள் படிவத்திலேயே எழுதினால் நாற்காலி கிடைக்கும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. காப்பியையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். நான் நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவள். முதல் இரண்டு நாள் தலைவலி தியானத்தால் என்று நினைத்தேன், காப்பி இல்லாததால்தான்.

6. அங்கே என்ன நடக்கும்

காலை 4:00 மணிக்கு மணி அடிக்கும். 4:30 முதல் 6:30 வரை உட்கார வேண்டும். பிறகு சிற்றுண்டி. 8:00 முதல் 11:00 வரை, 1:00 முதல் 5:00 வரை, 6:00 முதல் 7:00 வரை தியானம், இடையிடையே சில நிமிட ஓய்வு. 11:00 மணிக்கு மதிய உணவு. மாலை 5:00 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமோ பொரியோ கிடைக்கும். இரவுச் சாப்பாடு கிடையாது. 7:00 மணிக்குப் பேச்சுரை, 9:30க்கு விளக்கணைப்பு. சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பதிவின்போதே பேசிவிடுங்கள்.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா கற்றுத் தருவார்கள். தலை முதல் கால் வரை உடம்பில் தோன்றும் உணர்வுகளை, பிடித்ததை இழுத்துக்கொள்ளாமல் பிடிக்காததைத் தள்ளாமல், பார்த்துக்கொண்டே போவது. அன்றிலிருந்து தினமும் மூன்று முறை ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரச் சொல்வார்கள். இதற்கு அதிட்டானம் என்று பெயர்.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும்தான் பலர் ஓடிப்போக நினைப்பார்கள் என்று முன்பு போனவர்கள் சொன்னார்கள். எனக்கு ஐந்தாம் நாள். வலது முட்டியில் நெருப்பு வைத்ததுபோல வலி. அந்த வலியோடு 'அம்மாவை விட்டுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா' என்ற குரல். மதியம் 12 மணிக்கு ஆசிரியரைப் பார்க்கப் பெயர் கொடுத்தேன். இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை, தயவுசெய்து பயன்படுத்துங்கள். மௌனம் என்பது சக மாணவர்களோடுதான். ஆசிரியரிடம் பயிற்சியைப் பற்றியும், நிர்வாகியிடம் வெந்நீர், மருந்து என்று தேவைகளைப் பற்றியும் பேசலாம். அந்த ஆசிரியை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்தக் குரல் வரும்போது உடம்புல எங்க என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் மீதி ஐந்து நாள் போனது.

பத்தாம் நாள் காலை மைத்ரி தியானம், அதாவது எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் தியானம், கற்றபின் மௌனம் கலையும். அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். காது வலிக்கும்.

7. பணம்

கற்றுத்தருவதற்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. ஏற்கெனவே முடித்துப் போனவர்கள் கொடுத்த தானத்தில்தான் நாம் சாப்பிடுகிறோம். ஒரு பத்து நாள் முகாமை முழுதாக முடித்தவரிடம் மட்டுமே தானம் வாங்குவார்கள். முன்கூட்டி நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். கடைசி நாள் விருப்பப்பட்டதைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காமலும் வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்த மரபின் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் அங்கே போகாதீர்கள்.

எனக்கான செலவு வீட்டுப் பக்கம்தான். பராமரிப்பாளருக்கு நாளுக்கு 800 ரூபாய் வீதம் 12 நாளுக்கு 9,600. ரயில், ஆட்டோ 700. அம்மாவுக்கு டயப்பரும் சில்லறை மருந்தும் 1,200. ஆக 11,500 ரூபாய். மாதம் ஆயிரம் என்று ஒதுக்கிவைத்திருந்ததால் சமாளித்தேன். தேதி கிடைத்தபிறகு பணத்துக்கு அலைவதைவிட, விண்ணப்பிக்கும் மாதமே உண்டியலைத் தொடங்குங்கள்.

8. திரும்பிய முதல் வாரம்

பதின்மூன்றாவது நாளுக்கு ஏன் விடுப்பு என்றால், பத்து நாள் மௌனத்திலிருந்து நேராக அலுவலகத்துக்கும் பேருந்துச் சத்தத்துக்கும் போனால் மனம் தோல் உரித்த விரல்போல இருக்கும். ஒரு நாளாவது வீட்டில் இருங்கள். கைப்பேசியை இரவு வரை தொடாதீர்கள்.

பெரிய முடிவுகள் வேண்டாம். வேலையை விடுகிறேன், சொத்தைப் பிரிக்கிறேன் என்பதையெல்லாம் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு உபதேசம் செய்யாதீர்கள். 12 நாள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, முதுகைப் பிடித்தபடி நின்ற அக்காவிடம் நான் 'சமநிலை' பற்றிப் பேசத் தொடங்கினேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்து வைத்தார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

9. தினமும் உட்காருவது, தினமும் வாழ்வது

காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். காலை நேரம் சுலபம். அம்மா ஆறு மணிக்கு எழுவார், நான் 4:30க்கு உட்கார்ந்துவிடுகிறேன். மாலைதான் சிக்கல். இரவு 9:00 மணிக்கு அம்மா தூங்கியபின் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடமே தலை தொங்கிவிடும். இரண்டு மாதம் இப்படியே ஓடி, மாலை உட்காருவதையே விட்டுவிட்டேன். பிறகு அம்மா தொலைக்காட்சி பார்க்கும் 7:30 மணிக்கு, அதே அறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினேன். சத்தம் இருக்கும். நடுவில் எழுந்து வந்து என் கண் இமையைத் தொட்டு, "தூங்கறியா?" என்பார். கண்ணைத் திறந்து, "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொள்வேன். சில நாள் 40 நிமிடம்தான் தேறும். அமைதியான அறை கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

வாரம் ஒரு முறை பழைய மாணவர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டுத் தியானம் மையங்களிலும் சிலர் வீடுகளிலும் நடக்கிறது. கட்டணம் இல்லை. உங்கள் பகுதியில் எங்கே என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியாக உட்காருபவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னோடு முகாமில் இருந்த எட்டுப் பேர் இன்னும் பேசிக்கொள்கிறோம், அதில் தொடர்ந்து உட்காருபவர்கள் கூட்டுத் தியானத்துக்குப் போகும் மூன்று பேர்தான்.

ஐந்து சீலங்கள்தான் அடித்தளம். கொல்லாமை, திருடாமை, தவறான பாலுறவு இல்லாமை, பொய் சொல்லாமை, போதை இல்லாமை. சமையலறைக் கரப்பான்பூச்சிக்கு மருந்தடிப்பதற்குப் பதிலாக இரவில் தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, வடிகால் ஓட்டைக்கு வலை போட்டேன். பெருமளவு குறைந்தது. அலுவலகத்தில் 'கோப்பு அதிகாரி மேசையில் இருக்கு' என்று, என் இழுப்பறையில் வைத்துக்கொண்டே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். 'நான் இன்னும் பார்க்கலை, வியாழக்கிழமை வாங்க' என்று சொல்லப் பழகினேன். வியாழக்கிழமைக்குள் பார்த்தாக வேண்டியதாயிற்று.

ஆனால் அம்மாவின் கேள்வி? "அப்பா வந்துட்டாரா?" உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக விதவையாகிறார். 'ஆபீஸ் போயிருக்கார்' என்றால் பொய். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. இதில் எனக்கு வழி காட்டியது மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் வரும் அபயராஜகுமார சுத்தா என்ற புத்தர் உரை. உண்மையாக இருந்தாலும் பயன் தராத சொல்லைப் புத்தர் சொல்வதில்லை. உண்மையும் பயனும் சேர்ந்த சொல்லையும் காலம் அறிந்தே சொல்வார் என்று அதில் வருகிறது. அதே இடத்தில் பொய்க்கும் அனுமதி இல்லை. ஆக, உண்மையைக் கொட்டவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். மூன்றாவதாக ஒரு பேச்சு வேண்டும். அதைத் தேடுவதற்கு எனக்கு இரண்டு நொடி அவகாசம் தேவைப்பட்டது. முன்பு அந்த இரண்டு நொடி என்னிடம் இல்லை. கேள்வி காதில் விழுந்ததும் கத்தல் வந்துவிடும்.

போன ஐப்பசியில் ஒரு மழைநாள். துணி காயாமல் வீடெல்லாம் கொடி கட்டித் தொங்குகிறது. நான் மடித்துக்கொண்டிருக்கிறேன், அம்மா மடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். "அப்பா வந்துட்டாரா?" காது மடல் சூடாவது தெரிந்தது. கீழ்த்தாடை இறுகி, பல்லைக் கடித்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. ஐந்தாம் நாள் ஆசிரியர் கேட்டாரே, உடம்பில் எங்கே என்று, அதற்கு இப்போது பதில் இருந்தது. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை அந்தச் சூட்டைப் பார்த்தேன். அது ஏறியது, நின்றது, கொஞ்சம் இறங்கியது. பிறகு கேட்டேன், "அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?"

அம்மா கையிலிருந்த துண்டை மடியில் வைத்தார். "வத்தக்குழம்பு. சுட்ட அப்பளம். அப்பளம் நொறுங்கியிருந்தா கோச்சுக்குவார்" என்றார். அப்பளத்தை அப்பா எப்படி விரல் நுனியில் தட்டிப் பார்ப்பார் என்று காற்றில் தட்டிக் காட்டினார். அரை மணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசினோம்.

இப்போதும் நான் கத்தும் நாட்கள் இருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மூன்று. அன்று இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் மைத்ரி, முதலில் அம்மாவுக்கு, பிறகு எனக்கு. சொல்லாமல் நின்ற அந்தப் பராமரிப்பாளருக்கும் சேர்த்து. அவர் வீட்டில் என்ன நெருக்கடியோ.

வருகிற மாசியில் மறுபடி போக விண்ணப்பித்து இடம் கிடைத்திருக்கிறது. அக்கா வருகிறார். பராமரிப்பாளர் நான்கு நாள் முன்பே வருவதாகப் பேசியாயிற்று. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் புதுத்தாள் ஒட்டியிருக்கிறேன். பழைய தாளில் ஏழாவதாக இருந்ததை இதில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்: "அப்பா வந்தாரா என்று கேட்டால், அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவும். அவசரப்படுத்தாமல் முழுதாகக் கேட்கவும்."